பழவேற்காடு ஏரியில் உயிர்க் கணக்கெடுத்த அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

போன ஜனவரியில் நான்கு நாள் பழவேற்காடு ஏரியில் இருந்தேன். பூநாரை பார்க்கப் போகவில்லை, தண்ணீரிலும் சேற்றிலும் என்னென்ன வாழ்கிறது என்று எண்ணப் போன குழுவில் ஒருவன். சரணாலயம் என்பதால் வனத்துறையில் அனுமதி வாங்கி, உள்ளூர் அண்ணன் ஒருவரின் படகைப் பேசி வைத்திருந்தோம்.

எங்கே நிறுத்தினாலும் முதல் வேலை உப்பு அளப்பது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் லிட்டருக்கு 33 கிராம், ஏறக்குறைய கடல்தான். ஆரணி ஆறு வந்து விழும் பக்கம் 14. ஒரே ஏரிக்குள் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் மடவை, கொடுவா, வெள்ளை இறால், பச்சை நண்டு எல்லாம் கடலுக்கும் ஏரிக்குமாகப் போய் வந்து வளர்கின்றன. முகத்துவாரம் மணல் மூடிப்போனால் அந்தப் போக்குவரத்து நின்றுவிடும், கோடையில் உப்பு கடலையே மிஞ்சிவிடும்.

அப்புறம் சேறு. கால் மீட்டர் சட்டத்தைப் போட்டு, அதற்குள் இருக்கும் சேற்றை அள்ளி, அரை மில்லிமீட்டர் கண் சல்லடையில் அலச வேண்டும். முதல் இரண்டு நாளும் புழு, பொடி மட்டி, உளுவைக் குஞ்சு என்று நிறையக் கிடைத்தது. மூன்றாம் நாள் ஒரு மேட்டில் இறங்கினால் காலுக்கடியில் சேறே தட்டுப்படவில்லை. கறுப்பாக, விரல் நீளத்துக்குச் சிப்பிகள், ஒன்றோடொன்று நாரால் பின்னிக்கொண்டு பாய் விரித்த மாதிரி. ஒரே சட்டத்தில் முந்நூறுக்கு மேல் எண்ணினேன். நான்கு நாளில் அதிக உயிர் இருந்த இடம் என்று சந்தோஷமாகக் குறித்துக்கொண்டிருந்தபோது படகு அண்ணன் சொன்னார்: "இது காக்கா ஆழி தம்பி. இது படிஞ்ச இடத்துல இறால் எங்க போய்ப் புதையும்?"

அந்தப் பாயைக் கிழித்து அடியில் இருந்த சேற்றை அலசினோம். கறுத்து, முட்டை அழுகிய நாற்றம். ஒரே ஒரு புழு. அன்று இரவு தாளை எடுத்துப் பார்த்தால், மொத்த எண்ணிக்கை என்ற கட்டத்தில் அந்த இடம்தான் முதலில் நிற்கிறது, அதைப் படிக்கிறவர் அங்கே ஏரி செழிப்பாக இருக்கிறது என்றுதான் நினைப்பார். காக்கா ஆழிக்குத் தனிக் கட்டம் போட்டு, சட்டத்தில் எத்தனை பங்கை அது மூடியிருக்கிறது என்றும் எழுதி, பழைய தாள்கள் எல்லாவற்றையும் திருத்தினோம். இதைப் போல வேறு இடத்தில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

*

நான் கொல்லத்தில் வேலை பார்த்தபோது அஷ்டமுடிக் காயலில் இந்தக் காக்கா ஆழியைப் பார்த்திருக்கிறேன். தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்துச் சிப்பி இது. கொல்லத்தில் இதற்கு வரத்தன் கக்கா என்று பெயர், வெளியூரிலிருந்து வந்தது என்று அர்த்தம். அங்கே மூங்கில் கழி, வலைக்கால், பாலத்தூண் எல்லாவற்றிலும் அப்பிக் கிடந்தது. மட்டி எடுத்துப் பிழைக்கிற காயல் அது, 2014-இல் அந்த மட்டித் தொழிலுக்குச் சர்வதேசச் சான்றிதழே கிடைத்தது. அப்படிப்பட்ட இடத்தில் இது பரவுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. உப்பு குறைந்தாலும் கூடினாலும் தாங்கிக்கொள்கிறது, அதுதான் பெரிய சிக்கல்.

*

அண்ணா, எங்கள் வீடு ஏரிக்கரையில்தான். அப்பா கட்டுவலை போடுகிறவர். எங்களிடம் பாடு முறை உண்டு, எந்த இடத்தில் யார், எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்து நடக்கும். முறை வந்த அன்று அந்த இடத்தில் காக்கா ஆழி படிந்திருந்தால் அந்த முறை போனதுதான், இன்னொருவர் நாளில் போய் நிற்க முடியாது. வலையைவிட மோசமாக அடிபடுவது கையால் இறால் தடவுகிற இருளர் பெண்கள். பிடித்ததைப் போடும் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். விரலால் தொட்ட மாத்திரத்தில் இறாலா நண்டா என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது விரலெல்லாம் சிப்பி கிழித்த வெட்டு. எந்தெந்தத் திட்டில் சேறு போய்விட்டது என்று அவர்களைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள், கணக்கெடுக்க வருகிறவர்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, நீங்கள் பகலில்தான் எண்ணியிருக்கிறீர்கள். இறால் பகலில் சேற்றில் புதைந்து கிடக்கும், இருட்டினால்தான் வெளியே வரும். அடுத்த தடவை அமாவாசையை ஒட்டி வாருங்கள், வற்றம், அதாவது தண்ணீர் இறங்குவது, நன்றாக இருக்கும். அப்பாவிடம் சொல்லி வைக்கிறேன். இரவு அனுமதிக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தடவுகிற அக்காக்கள் இரண்டு பேர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான், அவர்களுக்கும் அன்றைய கூலியைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாருங்கள்.