எஃப்பிஜிஏ போர்டுல சொந்தமா 8 சேனல் டிஜிட்டல் மிக்சர்: கூத்துக்கும் திருவிழாவுக்கும் தாங்குமா?

சில்வர்பீச்_சவுண்டு:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு கடலூர், தேவனாம்பட்டினம் பக்கம். மாமா மைக் செட் வச்சிருக்காரு, கல்யாணம் காதுகுத்துலேர்ந்து தெருக்கூத்து, மாசி மகம் தீர்த்தவாரி வரைக்கும் எல்லாத்துக்கும் நானும் கூட போவேன். இருக்கறது பழைய அனலாக் மிக்சர். கடல் காத்துல ஃபேடர் ட்ராக் எல்லாம் போயிடுச்சு, கான்டாக்ட் கிளீனர் அடிச்சா கொஞ்ச நாள் ஒழுங்கா இருக்கும் அப்புறம் மறுபடி கர்ருன்னு கத்தும், அதுவும் கூத்துன்னா விடிய விடிய ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, பாடறவங்க மைக்குன்னு ஏத்தி இறக்கிட்டே இருக்கணும், ஒவ்வொரு தடவை கை வைக்கறப்பவும் குழாய்ல அந்த சத்தம் வந்தா மாமாவுக்கு மனசே ஒடைஞ்சு போகுது.

அதனால நானே ஒண்ணு கட்டலாம்னு இறங்கிட்டேன். டேங் நானோ 20கே எஃப்பிஜிஏ போர்டு (உள்ள இருக்கற சர்க்யூட்ட நாமளே எழுதி மாத்திக்கற சிப்பு), உள்ள வர பிசிஎம்1808 நாலு (சத்தத்த நம்பரா மாத்தற ஏடிசி), வெளிய போக பிசிஎம்5102ஏ ரெண்டு (நம்பர திரும்ப சத்தமா மாத்தற டாக்), ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சேனல், ஆக 8 இன் 4 அவுட். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். கிளாக்க போர்டுல இருக்கற 27 மெகாஹெர்ட்ஸ்லேர்ந்து பிஎல்எல் (ஒரு கிளாக்லேர்ந்து வேற வேகத்துல இன்னொரு கிளாக் செய்யற பகுதி) வச்சு எடுக்கறேன். வெரிலாக்ல (சர்க்யூட்ட எழுதற மொழி) ஐ2எஸ் (சிப்புக்கு சிப்பு ஆடியோ போற முறை) வாங்கி, ஃபேடர் வேல்யூவால பெருக்கி, கூட்டி அனுப்பறது வரைக்கும் ஓடுது, மைக்குல பேசினா சுத்தமா கேக்குது. ஆனா இடைவேளைக்கு பாட்டு போடறதுக்கு ஈஎஸ்பி32ன்னு ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு வச்சிருக்கேன், எஸ்டி கார்டுலேர்ந்து படிச்சு ஐ2எஸ்ல நேரா எஃப்பிஜிஏவுக்கு குடுக்குது, அந்த பாட்டுல மட்டும் படபடன்னு ஒரு சத்தம் கூடவே ஓடுது. பாட்டு ஃபைல் எல்லாம் 48க்கு மாத்திட்டேன், அப்பவும் வருது. ஃபேடர நகத்தினா அனலாக்ல வந்த கர்ர் இல்ல, ஆனா குறுகுறுன்னு படிப்படியா ஏறுது. இன்னொண்ணு, 80 ஹெர்ட்ஸ் லோ கட் (அதுக்கு கீழ உள்ள சத்தத்த வெட்டற ஃபில்டர்) போட்டேன், சிமுலேஷன்ல கணக்கு சரி, போர்டுல கேட்டா கட் ஆகற இடமே வேற மாதிரி இருக்கு.

இதோட இன்னும் மல்லுக்கட்டலாமா, இல்ல டீன்சி மாதிரி ரெடிமேட் கன்ட்ரோலர் போர்டு எதுக்காவது மாறிடலாமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

வில்லியனூர்_லைவ்:

தம்பி, லைவ் சவுண்டு பண்றவன்ங்கற முறையில சொல்றேன், வேலை நடக்கணும்னா எஃப்பிஜிஏ கட்டாயம் கிடையாது. டீன்சி 4.1 பலமான போர்டுதான், 600 மெகாஹெர்ட்ஸ், ஆனா அதோட வழக்கமான ஆடியோ லைப்ரரி 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட், 128 சாம்பிள் கொத்து கொத்தா வேலை செய்யும், ஒரு கொத்து 2.9 மில்லிசெகண்டு, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு கூட்டினா 6 கிட்ட வந்துடும். கூட்டத்துக்கு அது தெரியாது. பாடறவர் காதுக்கு பக்கத்துல மானிட்டர் வச்சா சிலருக்கு உறுத்தும்.

நான் உங்க எடத்துல இருந்தா ஏடிஏயு1452 தான் எடுப்பேன். ஆடியோவுக்குன்னே செஞ்ச டிஎஸ்பி (சிக்னல் கணக்கு போடற சிப்பு), 48 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு சாம்பிளுக்கு 6144 இன்ஸ்ட்ரக்ஷன் ஓடும், சிக்மா ஸ்டூடியோ சாஃப்ட்வேர்ல கட்டம் கட்டமா இழுத்துப் போட்டு வயர் பண்ணா ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் ஏத்தி இறக்கறது), கம்ப்ரஸர், மிக்சர் எல்லாம் ரெடி. வேற வேற கிளாக்ல வர்ற சிக்னல சேக்கறதுக்கு சாம்பிள் ரேட் கன்வர்ட்டரும் சிப்புக்குள்ளயே இருக்கு, உங்க பாட்டு பிரச்சினை அங்கேயே முடிஞ்சிடும்.

ஆனா கத்துக்கறதுக்காகவும் கட்டறீங்கன்னா விடாதீங்க. இங்க வீராம்பட்டினம் ஆடித் தேருக்கு வர்ற பசங்கள்ல சொந்தமா ஆம்ப் கட்டறவங்க இருக்காங்க, மிக்சர் கட்டற ஆள இப்பதான் பாக்கறேன், சந்தோஷமா இருக்கு.

முத்தியால்பேட்டை_வெரிலாக்:

மாறவே வேணாம். நீங்க சொன்ன மூணுமே சரி பண்ணக்கூடியது, பெருக்கி கூட்டறது தப்பா இருந்தா மைக்கே ஒழுங்கா கேட்டிருக்காது.

படபட சத்தம் கிளாக் பிரச்சினை. 27லேர்ந்து பிஎல்எல் வச்சு 12.288 மெகாஹெர்ட்ஸ் (48 கிலோஹெர்ட்ஸோட 256 மடங்கு) அச்சா வராது, கிட்டத்தட்டதான் வரும். உதாரணத்துக்கு 12.27 வந்துச்சுன்னா உங்க மிக்சர் ஓடுறது 47.93 கிலோஹெர்ட்ஸ்ல. மைக்குக்கு அதனால ஒண்ணும் ஆகாது, ஏடிசியும் டாக்கும் அதே கிளாக்லதான ஓடுது. ஆனா ஈஎஸ்பி32 தன்னோட கிரிஸ்டல வச்சு 48000 அனுப்புது, நீங்க எடுத்துக்கறது 47930, மிச்சம் 70 சாம்பிள் ஒவ்வொரு செகண்டும் இடமில்லாம விழுது, அதுதான் அந்த சத்தம். சரி ரெண்டு பக்கமும் நல்ல கிரிஸ்டலா போட்டுடலாம்னு நெனச்சீங்கன்னா, ஒண்ணுக்கொண்ணு வெறும் 50 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 50) விலகினாலே செகண்டுக்கு 2.4 சாம்பிள் தப்பும், சத்தம் கொறையும், போகாது. ஒரு மிக்சருக்குள்ள ஒரே ஒரு கிளாக்தான் எஜமான், மத்ததெல்லாம் அது பின்னாடிதான் வரணும். ஈஎஸ்பி32ஓட ஐ2எஸ்ஸ ஸ்லேவ் மோடுக்கு மாத்துங்க, பிட் கிளாக்கும் வேர்டு கிளாக்கும் எஃப்பிஜிஏலேர்ந்து குடுங்க. எஸ்டி கார்டு தானே, கேக்கற வேகத்துக்கு படிச்சுக் குடுக்கும். பின்னாடி ப்ளூடூத் வேணும்னா கதை வேற, அங்க போனோட கிளாக்னு இன்னொண்ணு நடுவுல வரும். அப்ப ப்ளூடூத்த ஒரு டாக் வழியா அனலாக்கா மாத்தி லைன் இன்ல குடுத்துடுங்க, பழைய வழிதான், ஆனா ராத்திரி முழுக்க நிக்கும். குடுக்கறப்ப பாதியா கொறச்சுக் குடுக்கணும், பிசிஎம்5102ஏ முழுசா 2.1 வோல்ட் ஆர்எம்எஸ் தள்ளும், பிசிஎம்1808 தாங்கறது 3 வோல்ட் பீக் டு பீக் தான், அதாவது ஆர்எம்எஸ்ல ஒண்ணுக்கு கொஞ்சம் மேல.

அந்த 27 மெகாஹெர்ட்ஸ விட்டுட்டு தனியா ஒரு 24.576 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் (கிளாக் தர்ற சிப்பு) வாங்கிடுங்க. 48 கிலோஹெர்ட்ஸோட 512 மடங்கு, பிசிஎம்1808 அத நேரடியா ஏத்துக்கும். ஆஸிலேட்டர்லேர்ந்து ஏடிசிக்கு நேரா போகட்டும், எஃப்பிஜிஏ வழியா சுத்தி வரவேணாம், பிஎல்எல் நடுக்கம் ஏடிசிக்குள்ள போனா ஹை ஃப்ரீக்வென்சில நாய்ஸா வந்து நிக்கும். எஃப்பிஜிஏக்குள்ள அதையே நாலால பெருக்கி 98.304ல ஓட்டினா ஒரு சாம்பிளுக்கு சரியா 2048 கிளாக் கெடைக்கும். 8 இன் 4 அவுட்டுக்கு 32 பெருக்கல். சேனலுக்கு நாலு பேண்டு ஈக்யூ போட்டா, பேண்டுக்கு அஞ்சு பெருக்கல்னு இன்னொரு 160. அவ்ளோதான். சிப்புல 48 மல்டிப்ளையர் இருக்கு, ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியா பெருக்கி வச்சு கட்டாம ஒரே செட்ட மாத்தி மாத்தி ஓட்டுங்க, கோடும் சின்னதாகும் டைமிங்கும் சுலபமா பாஸ் ஆகும்.

ஃபேடர் குறுகுறு: புது வேல்யூவ அப்படியே போடாதீங்க. ஒவ்வொரு சாம்பிளுக்கும், டார்கெட்லேர்ந்து இப்ப இருக்கறத கழிச்சு 9 பிட் வலது பக்கம் தள்ளி கூட்டுங்க, 10 மில்லிசெகண்டு கிட்ட வழுவழுன்னு நகரும், இதத்தான் ராம்ப்னு சொல்றது. இதுல ஒண்ணு முக்கியம். கெய்ன (ஃபேடர் பெருக்கற எண்) 18 பிட்ல, 15 பிட் தசமம்னு (புள்ளிக்குப் பின்னாடி) வச்சு இத செஞ்சீங்கன்னா, வித்தியாசம் 512க்கு கீழ போனதும் தள்ளினா பூஜ்யம்தான் வரும், மேல ஏறுறது அங்கேயே நின்னுடும். முழுசா மூடி இருக்கற ஃபேடர மைனஸ் 36 டெசிபலுக்கு கீழ லேசா தொறந்தா சத்தமே வராது. அதனால ராம்ப் ரெஜிஸ்டர மட்டும் கீழ இன்னும் 10 பிட் சேத்து 28 பிட்டா வச்சுக்குங்க, பெருக்கறப்ப மேல இருக்கற 18 மட்டும் எடுங்க.

லோ கட்டுக்கும் இதே மாதிரி பிட் பஞ்சம்தான். 48 கிலோஹெர்ட்ஸ்ல 80 ஹெர்ட்ஸ்ங்கறது ரொம்ப ரொம்ப கீழ, பைகுவாட்ல (இந்த மாதிரி ஃபில்டருக்கு வழக்கமான கணக்கு) எந்த இடத்துல கட் ஆகணும்னு தீர்மானிக்கறது ஒண்ணோட ரெண்டு ஃபீட்பேக் கோஎஃபிஷியன்ட்டையும் (பெருக்கற எண்) கூட்டினா மிஞ்சற துக்கடா, அது சுமாரா 0.00011. 18 பிட்ல 16 பிட் தசமம்னா ஒரு படி 0.000015, ஆக உங்க 80 ஹெர்ட்ஸ் மொத்தமே 7 படிக்குள்ள உக்காந்திருக்கு, ஒரு படி ரவுண்டு ஆனாலே இடம் மாறிடும். சிமுலேஷன்ல ஃப்ளோட் நம்பர் போட்டிருப்பீங்க, அதான் சரியா தெரிஞ்சிருக்கு. கோஎஃபிஷியன்ட் 32 பிட் வைங்க, ரெண்டு மூணு மல்டிப்ளையர அடுத்தடுத்து ஓட்டி பெருக்குங்க, 2048 கிளாக் சும்மாதான கெடக்கு.

கடைசியா கூட்டற இடத்துல சாச்சுரேஷன் கட்டாயம் போடுங்க. 8 சேனலும் சேந்தா 3 பிட் கூட வேணும், 24க்குள்ள அடைக்கறப்ப எல்லைய தாண்டினா உச்சத்துலேயே நிக்கணும். அப்படியே சுத்தி மைனஸுக்கு போச்சுன்னா டமார்னு ஒரு அடி அடிக்கும், குழாய் யூனிட் போயிடும்.

ஓல்டுடவுன்_ரேடியோ:

தம்பி, நான் கடலூர் ஓ.டி.யில ஆம்ப், மிக்சர் ரிப்பேர் பாக்கறவன். கணக்கெல்லாம் மேல சொன்னவருக்குதான் வெளிச்சம், கரண்டும் உப்பும் பத்தி நான் சொல்றேன்.

நீ கட்டறதுல பெரிய லாபம் எதுன்னா ஃபேடர்ல இனிமே ஆடியோ ஓடாது, வெறும் டிசி வோல்டேஜ்தான் படிக்கற. ட்ராக் தேஞ்சா கூட நம்பர் கொஞ்சம் ஆடும், குழாய்ல கத்தாது. அதுக்காக அப்படியே விட்டுடாத. வைப்பர் (ட்ராக் மேல நகர்ற கான்டாக்ட்) ட்ராக்க விட்டு தூக்கிச்சுன்னா அந்த பின் அந்தரத்துல நிக்கும், என்ன ரீடிங் வரும்னு சொல்ல முடியாது, திடீர்னு முழு வால்யூமுக்கு கூட போகும். வைப்பர்லேர்ந்து கிரவுண்டுக்கு 1 மெக் ரெசிஸ்டர் ஒண்ணு போடு, கான்டாக்ட் விட்டா பூஜ்யத்துக்கு இறங்கும். கூடவே 0.1 மைக்ரோ கெப்பாசிட்டர். தீர்த்தவாரி அன்னிக்கு மணல்ல, அலைக்கு பக்கத்துல மிக்சர் வைக்கறவங்க நீங்க, போர்டு ரெண்டு பக்கமும் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரமும் உப்பும் ஏறாம காக்கற பூச்சு) அடிச்சுடு, கனெக்டர டேப் போட்டு மறைச்சுட்டு அடி.

மைக் ப்ரீஆம்ப் பத்தி நீ ஒண்ணுமே எழுதல. பிசிஎம்1808 லைன் லெவலுக்கு உள்ள சிப்பு. மைக்குலேர்ந்து வர்றது சில மில்லிவோல்ட், அத உள்ள போன பிறகு நம்பர்ல பெருக்கினா கூடவே இரைச்சலையும் பெருக்கற. ஐஎன்ஏ217 இல்லனா தேட் 1510 ப்ரீஆம்ப் சிப்பு போட்டு முன்னாடியே 60 டெசிபல் வரைக்கும் ஏத்தற மாதிரி வை. கன்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் குடுக்கறப்ப அந்த ரெண்டு 6.8 கே ரெசிஸ்டரும் ஜோடி பொருந்தி இருக்கணும், மீட்டர் வச்சு பொறுக்கி எடு, இல்லனா பேலன்ஸ்டு லைன் போட்டும் ஹம் உள்ள வரும்.

கரண்டு போய் ஜெனரேட்டர் மாத்தறப்ப என்ன ஆகும்னு யோசிச்சியா? பிசிஎம்5102ஏல எக்ஸ்எஸ்எம்டி-ன்னு ஒரு மியூட் பின் இருக்கு. அத ரெசிஸ்டர் போட்டு கிரவுண்டுக்கு இழுத்து வை, எஃப்பிஜிஏ முழுசா எழுந்து கிளாக் நிலையான பிறகு அதுவே மேல தூக்கி விடட்டும். ரெடிமேட் மாடியூல்ல அந்த பின்ன ஜம்பர் வச்சு மேல கட்டியிருப்பாங்க, பாத்து எடுத்து விடு.

பழைய மிக்சர தூக்கிப் போடாத. மொத சீசன் முழுக்க அதுவும் வண்டியிலேயே இருக்கட்டும், கூத்து நடுவுல நின்னா மாத்த ஒண்ணு வேணும்.

சில்வர்பீச்_சவுண்டு:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இவ்ளோ விவரமா சொல்வீங்கன்னு எதிர்பாக்கல. ஈஎஸ்பி32வ ஸ்லேவ் ஆக்கினதும் பாட்டு பளிச்சுன்னு ஆயிடுச்சு. ராம்ப் 28 பிட்டுக்கு மாத்திட்டேன், மாமா வந்து ஃபேடர சர் சர்னு இழுத்து பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம மறுபடி மறுபடி இழுத்துட்டே இருந்தாரு. ஆஸிலேட்டரும் ப்ரீஆம்ப் சிப்பும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போறப்ப வாங்கணும்.

முத்தியால்பேட்டை அண்ணே, இன்னும் ஒரு சந்தேகம். ஃபேடர், ஈக்யூ வேல்யூ எல்லாம் ஈஎஸ்பி32லேர்ந்து எஸ்பிஐ (சிப்புக்கு சிப்பு டேட்டா போற முறை) வழியா அனுப்பறேன். ஃபேடர் ஓகே. ஈக்யூ நாப் திருப்பறப்ப மட்டும் எப்பவாவது டப்புன்னு ஒரு சத்தம் வருது. ராம்ப் போட்டா சரியாகுமா?

முத்தியால்பேட்டை_வெரிலாக்:

ஒரு பேண்டுக்கு அஞ்சு கோஎஃபிஷியன்ட், அது எஸ்பிஐல ஒண்ணொண்ணா வந்து சேருது. ரெண்டு புதுசு மூணு பழசுன்னு கலந்து இருக்கற நேரத்துல ஒரு சாம்பிள் ஓடிச்சுன்னா அந்த கலவை ஒரு கணத்துக்கு நிலையில்லாத ஃபில்டரா கூட இருக்கலாம், அதான் டப்பு. வர்றத தனி ரெஜிஸ்டர்ல சேத்து வைங்க. அஞ்சும் வந்துடுச்சுன்னு ஈஎஸ்பி ஒரு கமாண்டு அனுப்பட்டும், அடுத்த சாம்பிள் தொடங்கற இடத்துல அஞ்சையும் ஒரே கிளாக்ல மாத்துங்க. எஸ்பிஐ கிளாக் வேற உங்க ஆடியோ கிளாக் வேற, அந்த கமாண்டு சிக்னல ரெண்டு ஃப்ளிப்ஃப்ளாப் வழியா கொண்டு வந்த பிறகு பயன்படுத்துங்க, மறந்துடாதீங்க.

நாப்ப சர்ருன்னு திருப்பறப்ப அதுக்கும் மேல லேசா கேட்டுச்சுன்னா, ஈஎஸ்பிலேயே ஒரு திருப்பல சின்ன சின்ன படியா பிரிச்சு, 5 மில்லிசெகண்டுக்கு ஒரு செட்டுன்னு அனுப்புங்க. கோஎஃபிஷியன்ட்டுக்கு நேரா ராம்ப் போடாதீங்க, டெசிபல்ல படி பிரிச்சு ஒவ்வொரு படிக்கும் கணக்கு போட்டு அனுப்புங்க, நடுவுல வர்ற ஒவ்வொண்ணும் அப்ப ஒழுங்கான ஃபில்டரா இருக்கும். டிஎஸ்பி பகுதி கோடு முடிஞ்சதும் இங்க போடுங்க, நான் வெரிலேட்டர் சிமுலேட்டர்ல ஓட்டிப் பாத்து சொல்றேன்.