பங்குனியில் கரிசல் பக்கம் ஒரு பாசஞ்சர் பயணம்: எந்த ஜன்னல், எங்கே இறங்கலாம்?

பாளைக்காரன்:
நாங்கள் நாலு பேர். ரயில் என்றால் சோறு தண்ணி மறந்துவிடுகிற கூட்டம். செங்கோட்டை மலைப்பாதை பார்த்தாயிற்று. இந்தத் தடவை நெல்லை ஜங்ஷனில் ஏறி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டியில் சாத்தூர் வரை கரிசல் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப யோசனை. பருத்தி வெடித்துக் கிடக்கவேண்டும், அதுதான் முக்கியம். தை மாதம் சரியா? எந்தப் பக்கம் உட்காரலாம்?

கடம்பூரான்:
தையில் வந்தால் பச்சையைத்தான் பார்ப்பீர்கள் தம்பி. இங்கே மானாவாரி. ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறது. மாசி கழியட்டும், பங்குனிதான் கணக்கு.

போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கயத்தாறு காற்றாலைக் காற்றாடிகளும் அந்தப் பக்கம்தான். படம் எடுக்கையில் மின்கம்பம் குறுக்கே வந்துகொண்டே இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை. நாரைக்கிணறு, மணியாச்சி என்று போகப்போக மண் கறுக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்து வராதீர்கள். இப்போது மக்காச்சோளமும் உளுந்தும்தான் நிறைய, மிச்சத்துக்கு வேலிக்கருவை. பருத்தி நடுநடுவே வரும். அதனால் கடம்பூரில் இறங்கி நடங்கள்.

எங்கள் ஆச்சி பருத்தி எடுக்கப் போவாள். சேலையிலேயே மடி கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் எடுப்பாள். வெடித்த காயின் ஓடு நுனியில் முள் மாதிரி குத்தும். அதில் படாமல் சுளையை மட்டும் விரலால் கிள்ளி இழுக்கவேண்டும், சருகு ஒட்டினால் விலை போகாது. சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் கீறலாக இருக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூலி காசு கிடையாது, எடுத்ததில் பங்கு. அந்தப் பங்கில் ஒரு கை அள்ளிக் கடையில் போட்டு நான் சேவு வாங்கித் தின்றிருக்கிறேன். அவளுக்குத் தெரியும், கேட்டதில்லை.

மீட்டர்கேஜ்:
மணியாச்சியை விட்டுவிடாதீர்கள். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது அங்கே நின்ற ரயில் பெட்டியில்தான். ஸ்டேஷன் பெயரே இப்போது வாஞ்சி மணியாச்சி.

இந்தப் பாதைக்கும் பருத்திக்கும் பழைய உறவு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு தட்டுப்பட்டது, நம்மூர்ப் பஞ்சுக்குக் கிராக்கி ஏறியது. வெளிநாட்டு வியாபாரத்தில் அதற்குத் திருநெல்வேலியின் ஆங்கிலப் பெயரை (டின்னவெல்லி) வைத்து ‘டின்னீஸ்’ என்றே பெயர். மதுரை–தூத்துக்குடி ரயில் வந்தது 1876 ஜனவரி 1. அதுவரை துறைமுகத்துக்கு மாட்டு வண்டிதான். தூத்துக்குடிக்கு ஒரு கிளைப் பயணமும் வைத்துக்கொள்ளுங்கள், தட்டப்பாறை பக்கம் வெட்டவெளியாக இருக்கும்.

பாளைக்காரன்:
அருமை. கடம்பூர் அண்ணாச்சி, கருங்கண்ணி என்கிற நாட்டுப் பருத்தி இன்னும் போடுகிறார்களா? ரயிலில் இருந்தே தெரியுமா?

கடம்பூரான்:
அங்கங்கே போடுகிறார்கள். ரயிலில் இருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். அதன் காய் கவிழ்ந்து தொங்கும், பஞ்சு கீழ்ப்பக்கம் பார்த்திருக்கும். தூரத்தில் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் ஒட்டு ரகம். கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். பறிக்கவேண்டாம், அது இன்னொருத்தர் கூலி. எடுத்துக்கொண்டிருப்பவர்களைப் படம் பிடிக்கிறதாக இருந்தால் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

பங்குனியில் நிலம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். மொபைல் உள்ளே விழுந்தால் பருத்தி மாரை, அதுதான் காய்ந்த பருத்திக் குச்சியை, உள்ளே விட்டுத்தான் துழாவவேண்டும், எங்கள் மச்சானுக்கு நடந்தது. கோடை மழை ஒன்று விழுந்துவிட்டால் காட்டுக்குள் இறங்கவே இறங்காதீர்கள். செருப்பு அங்கேயே நின்றுவிடும், கால் மட்டும் வரும்.

அப்புறம், கடம்பூர் போளியைத் திரும்பும்போது வாங்குங்கள். போகும்போது வாங்கினால் நாலு பேர் கையில் கோவில்பட்டி வரைகூடத் தாங்காது.