சஃபையர், மினர்வா, கேஸினோ: பழைய மெட்ராஸ்ல இங்கிலீஷ் படம் எப்படி ஓடுச்சு?

சைதை பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா எந்த இங்கிலீஷ் படத்தப் பத்தி பேசினாலும் கூடவே தியேட்டர் பேரையும் சேத்துதான் சொல்வாரு, அது சஃபையர்ல பாத்தது, இது கேஸினோல பாத்ததுன்னு. அதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைக்கலாம்னு உக்காந்தா ரெண்டு விஷயம் இடிக்குது. ஏன் குறிப்பிட்ட சில தியேட்டர்ல மட்டும் இங்கிலீஷ் படம் ஓடுச்சு? அப்புறம் அவர் இங்க காலேஜ் படிச்சது 72லேர்ந்து 75 வரைக்கும், ஆனா சொல்ற படம் முக்காவாசி அறுபதுகள்ல வந்தது. புதுப்படமே வரலையா, இல்ல அவருக்கு ஞாபகம் மாறிப்போச்சா?

மவுண்ட் ரோடு ரசிகன்:
அப்பா ஞாபகம் சரியாத்தான் இருக்கு தம்பி. அமெரிக்க சினிமா கம்பெனிகளோட சங்கத்துக்கும் நம்ம கவர்மெண்டுக்கும் இருந்த ஒப்பந்தம் 1971ல முடிஞ்சுது, மறுபடி கையெழுத்தானது 1975லதான். அந்நியச் செலாவணி பிரச்சனை, இங்க வசூலாகிற பணத்துல எவ்வளவு வெளிய எடுத்துட்டுப் போகலாங்கறதுல இழுபறி. அந்த நாலு வருஷம் ஹாலிவுட்லேர்ந்து புதுசு வர்றதே அபூர்வம், அதனால ஏற்கனவே இங்க இருந்த பிரிண்டையே (படச்சுருள் பிரதி) திரும்பத் திரும்ப ஓட்டினாங்க, மழை பெய்யற மாதிரி கோடு விழுந்த பிரிண்டா இருந்தாலும் கூட்டம் வரும்.

சஃபையர் 1964ல கிளியோபாட்ராவோட திறந்தது. ஒரே கட்டடத்துல சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டுன்னு மூணு தியேட்டர், இன்னைக்கு மல்டிப்ளெக்ஸ்னு சொல்றத அப்பவே பண்ணிட்டாங்க. புளூ டைமண்ட்ல தொடர் காட்சி, ஒரு டிக்கெட் வாங்கிட்டு எப்ப வேணா உள்ள போலாம், பாதியிலேர்ந்து பாத்துட்டு அடுத்த ஷோல விட்ட பாதியப் பாக்கலாம், யாரும் எழுப்ப மாட்டாங்க. வெயில் காலத்துல ஏசிக்காகவே வந்து தூங்கினவங்க உண்டு. அப்பாகிட்ட அதக் கேளுங்க, கண்டிப்பா கதை இருக்கும். 1994ல மூடினாங்க, இடிச்சதுக்கப்புறம் ரொம்ப வருஷம் காலி மனையாவே கெடந்துது. அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு வயிறெரியும்.

பிராட்வே பேத்தி:
முதல் கேள்விக்கு நான் சொல்றேன். ஊமைப்பட காலத்துல இங்கிலீஷ் தியேட்டர், தமிழ் தியேட்டர்ங்கற பிரிவே பெருசா கிடையாது. 1913ல வார்விக் மேஜர் மவுண்ட் ரோட்ல எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டினப்போ ஓடினது எல்லாமே வெளிநாட்டுப் படந்தான் (அந்தக் கட்டடம் இன்னும் இருக்கு, இப்ப தபால் துறை கையில, ஸ்டாம்ப் சேக்கறவங்களுக்குத் தெரியும்). 1931ல தமிழ்ப் பேசும்படம் வந்தப்புறந்தான் கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சுது, தியேட்டரும் பிரிஞ்சுது. இங்கிலீஷ் படத்துக்கு பிரிண்ட் கம்மி, ஊருக்கு ஒண்ணு வந்தாலே பெருசு, அதனால விநியோகஸ்தர்களோட நெருக்கமா இருந்த தியேட்டருக்குத்தான் போகும். எங்க ஏரியா மினர்வா மாடி மேல இருந்த தியேட்டர், 1916லயே நேஷனல்ங்கற பேர்ல ஆரம்பிச்சது, பின்னாடி பாட்சா ஆச்சு. எங்க தாத்தா கடை சாத்திட்டு நேரா அங்கதான் போவாரு, அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது.

வடசென்னை வாத்தியார்:
மேல சொன்ன தாத்தா மாதிரி ஆளுங்களப் பத்தி யாருமே எழுதறதில்லங்கறதுதான் என் ஆதங்கம். மவுண்ட் ரோடு மட்டுமில்ல, பேட்டைல இருக்கற சாதா தியேட்டர்லயும் மார்னிங் ஷோ இங்கிலீஷ் படமாத்தான் இருக்கும், சண்டைப்படம், கௌபாய், கராத்தே. ரிக்‌ஷா ஓட்டறவங்க, ஒர்க்‌ஷாப் பசங்க எல்லாம் வருவாங்க, வசனம் புரியாட்டியும் கதை துல்லியமாச் சொல்வாங்க. அந்தக் கூட்டம் இல்லன்னா கர்ணன் டைரக்‌ஷன்ல ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரை ஏறின படங்கள யாரு ரசிச்சிருப்பாங்க? படம் ஒன்றரை மணி நேரந்தான் ஓடும், அதனால முன்னாடி கவர்மெண்ட் நியூஸ் ரீல், டிரெய்லர் எல்லாம் போட்டு நேரத்த நிரப்புவாங்க. இன்டர்வல் படத்துல இருக்காது, ஆபரேட்டர் எங்க நிறுத்தறாரோ அதான் இன்டர்வல், துப்பாக்கி தூக்கினவன் அப்படியே நிப்பான்.

கோவைக்காரன்:
மெட்ராஸ்காரங்க கோவிச்சுக்காதீங்க, எங்க ஊர் சாமிக்கண்ணு வின்சென்ட்ட விட்டுட்டுப் பேசினா கதை முழுசாகாதுங்க. திருச்சில ரயில்வேல வேலை பாத்தவரு, 1905ல டூபாண்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜெக்டரையும் இயேசு வாழ்க்கைப் படத்தையும் வாங்கி, ஊர் ஊரா டென்ட் அடிச்சுக் காட்டினாருங்க. நம்ம ஜனங்க பலபேர் முதன்முதலா பாத்த சினிமாவே வெளிநாட்டுப் படந்தான். 1914ல அவர் கட்டின வெரைட்டி ஹால் பேர்லதான் இன்னைக்கும் அந்த ரோடு இருக்குதுங்க.

சைதை பையன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், 71-75 விஷயம் சுத்தமா தெரியாது. எந்தத் தியேட்டர்ல எந்த வாரம் என்ன ஓடுச்சுன்னு சரிபாக்க வழி இருக்கா?

பிராட்வே பேத்தி:
பழைய பேப்பர்தான் வழி. சினிமா விளம்பரப் பக்கத்துல தியேட்டர், காட்சி நேரம் எல்லாம் இருக்கும், கன்னிமாரா லைப்ரரில கேட்டுப் பாருங்க. நோட்டீஸ், பாட்டுப் புஸ்தகம் மாதிரி சினிமா காகிதத்துக்கு தரமணி ரோஜா முத்தையா நூலகம். முடிஞ்சா அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, விளம்பரத்தப் பாத்தா அவருக்கு இன்னும் நாலு படம் ஞாபகம் வரும்.