பழுப்புக் கோடு விழுந்த பல்லும் கல்யாண போட்டோவும்: ஒரு சிரிப்பில் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?

காரிமங்கலத்துப் பெண்

வணக்கம். வயது 26. சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம், காரிமங்கலம் பக்கம். வேலை ஓசூரில். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன்னால் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால் முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு, ஓரங்களில் வெள்ளைத் திட்டு. ஊரில் இருந்தவரை அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை, தெருவில் பலருக்கும் அப்படித்தான். கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்த புதிதில் ஒருத்தி, "பாக்கு போடுவியா?" என்று கேட்டாள். அதிலிருந்து நான் வாய்விட்டுச் சிரிப்பதில்லை.

தையில் கல்யாணம். "போட்டோவுக்கு உதட்டை மூடிச் சிரி, அதுதான் லட்சணம்" என்கிறார் அம்மா. மேல் வரிசையில் எட்டுப் பல்லுக்கு வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு) போட்டுவிடலாம் என்கிறார் பல் மருத்துவர். கட்டிக்கப்போகிறவரோ, சிரிக்கும்போது என் இடது பக்க உதடு கொஞ்சம் மேலே ஏறுவதுதான் அழகு என்கிறார், பல்லைப் பற்றி இதுவரை பேசியதே இல்லை. உங்களுக்கு ஒரு சிரிப்பு பிடித்துப்போவது எதனால்? ஆறுதல் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.

சேலம் போட்டோகிராபர்

கல்யாண வேலைதான் எனக்குத் தொழில். பல்லின் நிறத்தை எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாம், கண்ணை ஒன்றும் செய்ய முடியாது. உதட்டை இறுக்கிப் பழகியவர்களுக்கு முகவாயில் தோல் சுருங்கிப் புள்ளி புள்ளியாகக் குழி விழும். ஆல்பத்தில் பார்த்தால் எதையோ பொறுத்துக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து 1862-லேயே எழுதிவிட்டார்: வாயோரத்தை நாமாக இழுத்துக்கொள்ளலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான சந்தோஷத்துக்குத்தான் அசையும். சிலரால் அதையும் வேண்டுமென்றே செய்ய முடியும் என்று பிற்பாடு தெரிந்தது, ஆனால் மணமேடையில் புகைக்கு நடுவே யாருக்கு வரும்? அதனால் நான் "சிரிங்க" என்று சொல்வதே இல்லை. மாப்பிள்ளையைப் பொண்ணு காதில் ஏதாவது சொல்லச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்.

ஜப்பான்வாசி

சைதாமாவில் இருக்கிறேன். இங்கே தெத்துப்பல்லை 'யாயேபா' என்பார்கள், குழந்தைத்தனமான அழகு என்று ரசிக்கிறவர்கள் உண்டு. 2011 வாக்கில் வரிசையான பல் உள்ள பெண்கள் சிலர் காசு கொடுத்துக் கோரைப்பல் மேல் செயற்கைத் தெத்துப்பல் ஒட்டிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் கல்யாணமான பெண்கள் இரும்பு ஊறிய காடியால் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வதே இங்கே வழக்கம். 1873-ல் பேரரசி வெள்ளைப் பல்லோடு பொதுவில் வந்த பிறகு அது குறையத் தொடங்கியது.

மதுரை பல் லேப்

தங்கச்சி, நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் அனுப்பும் அளவுக்கு செராமிக் பல் செய்கிற லேப் டெக்னீஷியன். ஆறுதல் வேண்டாம் என்றீர்கள், அதனால் கறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தெரியாதவர்கள் அதைப் பாக்கு, புகையிலை என்றுதான் நினைப்பார்கள். விடுதியில் அந்தப் பெண் கேட்டதும் அப்படித்தான். "அதெல்லாம் யாரும் பார்க்கமாட்டாங்க" என்று நான் சொன்னால் அது பொய். அந்தக் கறையை மங்கவைக்க நீங்கள் நினைப்பதில் தப்பே இல்லை.

ஆனால் அதற்கு எட்டுப் பல்லைச் சீவ வேண்டுமா என்பதுதான் கேள்வி. எங்களுக்கு லேபுக்கு வருவது கல் மாவில் ஊற்றிய மாடல். அதில் பல் இருக்கும், ஈறு இருக்கும், உதடு இருக்காது. உங்கள் வருங்காலக் கணவர் எதைப் பார்த்து மயங்கினாரோ அது என் மேஜைக்கு வரவே வராது! உதடு தெரியாமல் நான் எட்டுப் பல்லையும் ஸ்கேல் வைத்த மாதிரி செய்து அனுப்பினால், இடது பக்கம் தூக்கும் உங்கள் உதட்டுக்குக் கீழே அது கோணலாகத் தெரியலாம். மேல்பற்களின் நுனி, சிரிக்கும்போது கீழுதட்டின் வளைவோடு சேர்ந்து போக வேண்டும். அதனால்தான் முன்பல் வேலை என்றால், பேஷன்ட் பேசிச் சிரிக்கிற வீடியோ இல்லாமல் நான் பல்லின் வடிவம் பிடிக்கும் மெழுகைத் தொடுவதில்லை.

நிறமும் அப்படித்தான். பல் நிறத்தை ஒப்பிடும் வழக்கமான ஷேடு கைடில் 16 நிறம் இருக்கும். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் அதில் ஏ2, ஏ3 என்ற நிறங்கள் ஒத்துப்போகும். கல்யாணம் என்றதும் ப்ளீச் ஷேடு கேட்பார்கள். கண்ணின் வெள்ளையைவிடப் பல் வெளுத்துவிட்டால் முகத்துக்கு முன்னால் பல்தான் வந்து நிற்கும். இயல்பான முன்பல்லை வெளிச்சத்தில் பாருங்கள். ஈறோரம் கொஞ்சம் மஞ்சள், நடுவில் வெளுப்பு, நுனியில் ஒரு நூலளவு சாம்பல் கலந்த கண்ணாடித்தன்மை. அந்த நுனியைக் கொண்டுவரத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கும்.

இன்னொன்று. 1999-ல் அமெரிக்காவில் கோகிச் என்பவரும் உடனிருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். சிரிப்புப் படங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை வைத்து, பல் சீரமைப்பு நிபுணர்களிடமும் பொதுமக்களிடமும் காட்டினார்கள். முன்பற்களின் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் தள்ளியிருந்தபோது நிபுணர்கள் மார்க்கைக் குறைத்தார்கள், பொதுமக்களுக்கு அது தெரியவே இல்லை. மருத்துவர் சொல்கிற குறை எல்லாமே மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தெரிகிற குறை இல்லை.

வெனீருக்கு எனாமலைச் சுமார் அரை மில்லிமீட்டர் சீவுவார்கள். சீவியது திரும்ப வளராது. வெனீரும் ஆயுசுக்கு நிற்காது. 26 வயதில் போட்டால் வாழ்நாளில் சில தடவை மாற்ற வேண்டிவரும். பல்லில் குழி விழுந்திருக்கிறதா, கோடு மட்டும்தானா?

காரிமங்கலத்துப் பெண்

குழி இல்லை அண்ணா, கோடும் திட்டும்தான். நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு அம்மாவின் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு படத்தில்கூடப் பல் தெரியவில்லை, முகவாயில் போட்டோகிராபர் சொன்ன அந்தப் புள்ளிக் குழிகள் அப்படியே இருக்கின்றன. அவருக்கும் அதே தண்ணீர், அதே பல். லட்சணம் என்று அவர் சொல்வது எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

மதுரை பல் லேப்

அப்படியானால் மைக்ரோஅப்ரேஷன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். லேசான அமிலப் பசையால் எனாமலின் மேல்பரப்பை மட்டும் மெல்லத் தேய்ப்பார்கள். கோடு மேலாக இருந்தால் நன்றாகவே மங்கும், ஆழமாக இருந்தால் முழுசாகப் போகாது. வெள்ளைத் திட்டுக்கு ரெசின் என்ற பிசின் போன்ற திரவத்தை ஊடுருவச் செய்யும் முறை இருக்கிறது. தேவைப்பட்டால் அதோடு ப்ளீச்சிங்கும் செய்வார்கள், ஆனால் ப்ளீச் செய்த பிறகு எதையும் ஒட்டுவதற்கு இரண்டு வாரமாவது விட வேண்டும். தைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இந்த மாதமே போய்விடுங்கள். இதற்கெல்லாம் பிறகும் வெனீர்தான் என்று அவர் சொன்னால், சீவுவதற்கு முன்னால் தற்காலிகமாக ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதோடு கண்ணாடி முன்னால் நிற்காதீர்கள், கட்டிக்கப்போகிறவரிடம் பேசிச் சிரித்து வீடியோ எடுத்துப் பாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பல்லுக்கும் இதே வைத்தியம்தான்.