சேனல் எஸ்டிமேஷன், பைலட்: தமிழில் என்ன? (திங்கள் காலைக்குள் வேண்டும்)

நண்பர்களே, வணக்கம்.

பாடக்குறிப்பு ஒன்று திங்களன்று அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஓஎஃப்டிஎம் என்ற கம்பியில்லாத் தொடர்பு முறையில் தரவைப் பல துணையூர்தி அலைகளில் (சப்கேரியர்) பிரித்து அனுப்புகிறோம். எல்டிஇ என்னும் 4ஜி கைபேசி முறையில் அவற்றுக்கிடையே 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. சுவரிலும் பேருந்திலும் பட்டுத் தெறித்து வருவதற்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தேய்ந்து, கட்டம் பிறழ்ந்துவிடுகிறது. எவ்வளவு என்று அறிய, இரு முனைக்கும் முன்பே தெரிந்த குறிகளை நடுநடுவே வைக்கிறார்கள். அதுதான் பைலட். வந்ததை அனுப்பியதால் வகுத்தால் அந்த இடத்தில் சேனலின், அதாவது அலை வரும் வழியின், நிலை தெரியும். நடுவில் உள்ளவற்றை அக்கம்பக்கம் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். இதுதான் சேனல் எஸ்டிமேஷன்.

இப்போதைக்கு ‘அலைவரிசைக் கணிப்பு’, ‘விமானிக் குறி’. சிரிக்காதீர்கள்.

———

தம்பி, சிரிக்கத்தான் செய்தேன்.

அலைவரிசை என்றால் டிவிதான் நினைவுக்கு வரும். ‘தடம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். தடம் + கணிப்பு = தடக்கணிப்பு, மரக்கிளை போல. ஒரு சிக்கல்: ‘தட’ என்பது பெருமையைக் குறிக்கும் உரிச்சொல். தடக்கை என்றால் பெரிய கை. ஆகவே தடக்கணிப்பைப் ‘பெரிய கணிப்பு’ என்றும் பிரிக்கலாம். யானையின் தடக்கையிலிருந்து இதை விரித்து எழுத ஆசை, நாளை எழுதுகிறேன்.

———

ஐயா, யானை வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். கணிப்பு வேண்டாம். இனி வரப்போகும் தடநிலையை முன்கூட்டிச் சொல்வது இத்துறையில் தனி வேலை. கணிப்பு அதற்குத்தான் பொருந்தும். இது இப்போதுள்ள நிலையை அளப்பது. ‘மதிப்பீடு’ போதும். விடைத்தாள் நினைவு வந்தால் வரட்டும். ரோடு போட எஸ்டிமேட் கொடுப்பதும் மதிப்பீடுதானே.

———

பைலட் என்றால் என் மாணவர்களுக்கு அமைச்சர் காருக்கு முன்னால் போகும் வண்டி! ‘பதக்குறி’ என்றால் என்ன? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒன்றைத் தொட்டு மற்றதை அறிவது.

———

அழகான சொல் அண்ணா, ஆனால் பழமொழி பொய்த்துவிடுகிறது. இந்தப் பானையில் ஒரு பக்கம் குழைந்திருக்கும், மறுபக்கம் அரிசியாகவே கிடக்கும். ஒரு சோறு போதாது. எல்டிஇயில் ஓர் ஆன்டெனாவுக்கு, குறி வரும் நேரத்துண்டில் ஆறு துணையூர்திக்கு ஒன்று வைக்கிறார்கள். அந்தச் சோற்றிலும் கல் இருக்கும்: நேரே வகுத்தால் இரைச்சலும் விடையோடு ஒட்டிக்கொண்டு வரும். இரைச்சலின் அளவும் துணையூர்திகளுக்கிடையே உள்ள ஒட்டுறவும் தெரிந்தால் பிழையைக் குறைக்கலாம், கணக்குதான் கூடும். இந்த இரண்டாம் முறைக்கும் பெயர் வேண்டுமே?

———

அதை விடுங்கள். ‘பதம்’ வடசொல் இல்லையா?

———

சொல் என்ற பொருளில் வடசொல். வெந்த நிலை என்ற பொருளில் நம்முடையது என்பேன். தனி மடலில் சண்டை போடலாம்.

———

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். ‘தட மதிப்பீடு’, ‘பைலட் குறி’ என்று அனுப்பிவிட்டேன். பதக்குறியை ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

———

தம்பி, ஏன் இடைவெளி விட்டீர்கள்? தடமதிப்பீடு ஒரே சொல். பிரித்துப் போட்டால் உரிச்சொல்லாகி, ‘மாபெரும் மதிப்பீடு’ என்றல்லவா ஆகிறது?