குந்தும்போது குதிகால் எழும்புகிறது, ஓட்டம் குறையுமா?

கேம்பஸ் ஃபுட்போல் டீமில் விங் ஆடுகிறேன், ஊர் ஹட்டன். எஃப்எம்எஸ் அசைவுச் சோதனையில் 21க்கு 13தான், கம்பைத் தலைக்கு மேலே பிடித்துக் குந்தினால் குதிகால் எழும்புகிறது, ஆனால் 20 மீட்டர் ஓட்டத்தில் டீமில் நான்தான் முதல். எப்படி அண்ணே?

பதில் 1: அதில் 7 அசைவு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, அவ்வளவுதான் தம்பி. வேகத்தையோ பாய்ச்சலையோ அது அளப்பதில்லை, ஆய்வுகளிலும் அந்த ஸ்கோருக்கும் வேகத்துக்கும் தொடர்பு பெரும்பாலும் பலவீனம்தான்.

பதில் 2: குதிகாலுக்கடியில் பலகை வைத்துக் குந்திப் பாருங்கள், சரியாக வந்தால் கணுக்கால் இறுக்கமாக இருக்கலாம். (தோட்டத்து லயத்துப் படி ஏறி வளர்ந்த எனக்கும் அதேதான்!)

பதில் 3: ஸ்கோரை விடுங்க. வார்ம்அப்புக்கு ஃபிஃபா 11+ என்கிற பயிற்சித் தொகுப்பைச் செய்யுங்க, 20 நிமிசம்தான், காயம் குறையும்.

கேட்டவர்: பலகை வைத்தேன், முழுசாகக் குந்த முடிகிறது!