குடியுரிமைத் தேர்வு வரை காத்திருக்காமல் படிக்க வேண்டியவை

புதிதாக அமெரிக்காவுக்கு வரும் நம்மவர்களில் பலர், இந்நாட்டின் அரசமைப்பையும் வரலாற்றையும் குடியுரிமைத் தேர்வு நெருங்கும்போது படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். எச்-1பி விசாவில் வந்து கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் இந்தியருக்கு அந்தத் தேர்வு வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வாழப்போவதும் இதே சட்டங்களுக்கு உட்பட்டுத்தான். ஆகவே, வந்த சில மாதங்களுக்குள்ளேயே அடிப்படைகளைப் படித்துவிடுங்கள்.

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தில், 1791இல் முதல் பத்துத் திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, காரணமற்ற சோதனையிலிருந்து பாதுகாப்பு, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை ஆகியவை அவற்றில் அடங்கும். 1868இல் வந்த 14ஆம் திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பை மாநில அரசுகள் யாருக்கும் மறுக்கக் கூடாது என்றது. இது வெளிநாட்டவருக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை தந்தவர், சான் ஃபிரான்சிஸ்கோவில் சலவைக்கடை நடத்திய ஒரு சீனர். மரக் கட்டடங்களில் சலவைக்கடை நடத்த நகராட்சியின் அனுமதி வேண்டும் என்று விதி வகுத்து, சீனர்களின் விண்ணப்பங்களை மட்டும் ஒட்டுமொத்தமாக நிராகரித்தார்கள். ‘யிக் வோ எதிர் ஹாப்கின்ஸ்’ என்ற அந்த வழக்கில், இந்த மண்ணில் வாழும் எவருக்கும் அப்பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1886இல் தீர்ப்பளித்தது. இந்த ஒரு வழக்கையாவது அவசியம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? அவசரச் சூழல் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வர விரும்பும் காவலரை அனுமதிக்க மறுக்கலாம். சாலையில் காரை நிறுத்தினால் ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, காப்பீட்டு ஆவணம் ஆகியவற்றைக் காட்டியே ஆக வேண்டும். அதற்கு மேற்பட்ட கேள்விகளுக்கு மௌனம் காக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் பொய் மட்டும் சொல்லாதீர்கள். குற்றவழக்கில் வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே ஒருவரை அமர்த்த வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பு. குடிவரவு நீதிமன்றத்தில் பொதுவாக அந்த வசதி கிடையாது, வழக்கறிஞரை நீங்களேதான் அமர்த்திக்கொள்ள வேண்டும்.

கூட்டாட்சி, மாநிலத் தேர்தல்களில் வாக்குரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியது. இதில் மிகுந்த கவனம் தேவை. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளும் வசதியை 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்தியது. அங்கே படிவத்தை அவசரமாக நிரப்பும்போது, குடிமகன் என்ற கட்டத்தில் தவறியும் குறியிட்டுவிடாதீர்கள். குடியுரிமை இருப்பதாகப் பொய்யாகக் கூறியதாகக் கருதப்பட்டால் நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகலாம். நீதிமன்ற வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் பணியாற்ற அழைப்புக் கடிதம் வந்தால், குப்பையில் போடாமல், குடிமகன் அல்ல என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நமக்கு இங்கு இடம் கிடைத்த வரலாறும் முக்கியமானது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்பவர், வெள்ளையர் அல்லர் என்ற காரணத்தால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தியர் குடியுரிமை பெற 1946இல்தான் சட்டம் வழிவிட்டது. அப்போதும் ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு பேருக்கு மட்டுமே குடியேற அனுமதி. பிறந்த நாட்டை வைத்து அப்படி ஒதுக்கீடு செய்யும் முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. கறுப்பின மக்கள் சிறை சென்றும் அடிபட்டும் நடத்திய சம உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில்தான் அந்தச் சட்டம் நிறைவேறியது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தாருங்கள்.

கடைசியாக ஒன்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது, குடிமக்கள் அல்லாதவர்களும் சேர்த்தே எண்ணப்படுகிறார்கள். ஆகவே அங்குள்ள பிரதிநிதி உங்களுக்கும் பிரதிநிதிதான். உங்கள் குடிவரவு விண்ணப்பம் வழக்கமான காலத்தைத் தாண்டி முடங்கிக் கிடந்தால், உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்தைத் தயங்காமல் அணுகுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், விண்ணப்பத்தின் நிலை குறித்து அவர்களே குடிவரவுத் துறையிடம் விசாரிப்பார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.